கோடு ஒன்று, நோக்கம் இரண்டு

கூட்டாட்சி நாட்டைத் துண்டாடிவிடும் என்று அஞ்சுவோர், தென்னாப்பிரிக்காவின் அனுபவத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்பேன். நிறவெறி அரசு அங்கே கறுப்பின மக்களுக்கெனப் பத்துத் ‘தாயகங்களை’ உருவாக்கியது. டிரான்ஸ்கெய் உள்ளிட்ட நான்குக்கு ‘விடுதலை’யும் வழங்கியது. அது அதிகாரப் பகிர்வு அன்று. பெரும்பான்மை மக்களின் குடியுரிமையைப் பறிக்கும் சூழ்ச்சி. ஆகவேதான், மாகாணங்களுக்கு அதிகாரம் என்ற பேச்சையே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஐயத்துடன் நோக்கியது.

ஆயினும், 1993ஆம் ஆண்டின் இடைக்கால அரசமைப்புச் சட்டம் இணக்கம் கண்டது. தாயகங்கள் மறைந்து, ஒன்பது மாகாணங்கள் பிறந்தன. குடியுரிமை ஒன்றே, வாக்குரிமை அனைவருக்கும். 400 இடங்கள் கொண்ட அவையில் 20 இடங்களைப் பெறும் கட்சிக்கு அமைச்சரவையில் பங்கு. 80 இடங்களைப் பெற்றால் துணை அதிபர் பதவி. 1994 தேர்தலில் மண்டேலா வென்றார். முன்னாள் அதிபர் டி கிளார்க் அவருடைய துணை அதிபர்களுள் ஒருவரானார். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்புதான் களமிறங்கச் சம்மதித்த இன்காதா கட்சி, குவாசுலு-நட்டாலில் முதலிடம் பெற்றது. மேற்குக் கேப் மாகாணம் தேசியக் கட்சியின் வசமானது. தோற்றவர்களுக்கும் ஆள ஓரிடம் கிடைத்ததால், முடிவை ஏற்பது எளிதாயிற்று.

1996இல் தேசியக் கட்சி அமைச்சரவையிலிருந்து விலகியது. கட்டாயக் கூட்டணி நிரந்தர அரசமைப்பில் இடம்பெறவில்லை, மாகாணங்கள் நிலைத்தன. நிலமும் செல்வமும் இன்றும் சமமாகப் பகிரப்படவில்லை என்பது உண்மையே. அதிகாரப் பகிர்வால் மட்டும் அது கைகூடிவிடாது.

எல்லைக்கோட்டை வரைந்தது யார், அதற்குள் வாழ்வோருக்கு நாடு முழுவதும் உரிமை உண்டா? கூட்டாட்சியையும் பிரிவினையையும் வேறுபடுத்துபவை இக்கேள்விகளே.