இரண்டாவது டாக்டர், அதே கேள்வி

பிள்ளை உடம்பு – 14

“டாக்டர், தப்பா எடுத்துக்கக் கூடாது...” என்று ஒரு தாய் பேச்சைத் தொடங்கினால், அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கட்டைப்பையின் அடியில், துண்டுக்கும் பால் பாட்டிலுக்கும் கீழே ஒளித்து வைத்திருந்த இன்னொரு டாக்டரின் ஃபைல் வெளியே வரும். “அவரும் நல்லாத்தான் பார்க்கிறார். மனசு கேக்கல, அதான்...” என்று இழுப்பார்கள்.

ஒளித்து வைக்க அவசியமே இல்லை. தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் உண்டு. வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்பது அவற்றில் ஒன்று. ஆகவே, ‘கேட்கலாமா’ என்பதில் பேச ஒன்றுமில்லை. எப்போது கேட்பது, போய் என்ன கேட்பது என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன். நியூயார்க்கில் 11 வயதுப் பிள்ளைகள் 1,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 1934-ல் வெளியானது. அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ‘வேண்டாம்’ என்று கழிந்த 215 பேரை வேறு டாக்டர்களிடம் அனுப்பினார்கள். அதில் 99 பேருக்கு ஆபரேஷன் என்றார்கள். மறுபடி கழிந்த 116 பேரை மூன்றாவது முறையாக இன்னும் சில டாக்டர்கள் பார்த்தார்கள். அதிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆபரேஷன்! ஆயிரத்தில் கடைசியாகத் தப்பித்தவர்கள் 65 பேர்.

இதைப் படித்துவிட்டு ‘டாக்டர்களே மோசம்’ என்று முடிவு கட்ட வேண்டாம். எத்தனை டாக்டர்களிடம் காட்டினாலும், அளவுகோல் இல்லாமல் ‘இந்தத் தொண்டைக்கு ஆபரேஷன் வேண்டுமா?’ என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ‘வேண்டும்’ என்றே பதில் வந்திருக்கிறது. டாக்டர் மாறினார். கேள்வி மாறவில்லை.

அளவுகோல் பிறகு வந்தது. பிட்ஸ்பர்க் நகரின் குழந்தை மருத்துவர் ஜாக் பாரடைஸ் பெயரால் அதைச் சொல்வார்கள். ஒரே வருடத்தில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 வருடம் ஆண்டுக்கு 5 முறை, அல்லது 3 வருடம் ஆண்டுக்கு 3 முறை தொண்டை அழற்சி வந்திருக்க வேண்டும். அதுவும் காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல் போன்ற அடையாளங்களோடு ஒவ்வொரு முறையும் எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். தூக்கத்தில் குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற பிள்ளைக்குக் கணக்கு வேறு. மற்றபடி, சின்ன வயதில் டான்சில் பெரிதாகத் தெரிவது மட்டுமே நோயாகாது.

ஆக, இரண்டாவது டாக்டரிடம் போகும்போது கேள்வியை மாற்றுங்கள். ‘எத்தனை முறை வந்தால் எடுப்பீர்கள்? என் பிள்ளைக்கு எத்தனை முறை வந்திருக்கிறது? ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தால் என்ன கெட்டுப்போகும்?’ இந்த மூன்றுக்கும் பதில் சொல்கிற டாக்டர் முதலாமவராகவே இருந்தால், இரண்டாமவரைத் தேட வேண்டிய தேவையே இருக்காது.

நம் ஊரில் டான்சிலுக்கு நிகராக இன்னொரு பெயர் உண்டு: ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’, அதாவது பிள்ளைகளுக்கு வரும் ஆரம்பக் காசநோய். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது, எடை ஏறவில்லை, மாதம் தவறாமல் சளி. காசநோய்க் கிருமியைச் சோதிக்கக் கையில் போட்ட மாண்டூ ஊசி தடித்திருக்கிறது. எக்ஸ்ரேயில் ஏதோ நிழல். உடனே ஆறு மாதம் காசநோய் மருந்து. மாண்டூ தடித்தால், கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருக்கலாம் என்றுதான் பொருள். இப்போது நோய் இருக்கிறது என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது. சின்னப் பிள்ளைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால், காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்து அதில் கிருமியைத் தேடுவார்கள். ‘தேடிப் பார்த்தோமா?’ என்று கேளுங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். நோய் உறுதி என்றால், ஒரு நாள்கூட விடாமல் மருந்து கொடுக்க வேண்டும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியது தொடங்கும் முன்பு. பாதியில் நீங்களாக நிறுத்தி அல்ல.

இதுவரை சொன்னது, டாக்டர் அதிகமாகச் செய்யும் இடம். ‘ஒண்ணுமில்லை, தானாச் சரியாகிடும்’ என்று அனுப்பும்போது இன்னொருவரிடம் போக யாருக்கும் தோன்றுவதில்லை. நல்ல செய்தியை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

பிறந்த குழந்தையின் மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் கண் மஞ்சளாக இருந்து, மலம் சுண்ணாம்புபோல் வெளுத்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், ‘காலை வெயில்ல காட்டுங்க’ என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்பக் கூடாது. பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். ரத்தத்தில் மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினை மொத்தமாக மட்டும் பார்க்காமல், ‘டைரக்ட்’ எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் துப்பு கிடைத்துவிடும். ஜப்பானிய மருத்துவர் மோரியோ கசாய் பெயரில் இதற்கு ஓர் அறுவை சிகிச்சை உண்டு. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் அதிகம். இங்கே நாள் கடத்துவது ஈரலைக் கடத்துவது. மலத்தின் நிறத்தை செல்போனில் படமெடுத்துக்கொண்டு அன்றைக்கே இன்னொரு டாக்டரிடம் ஓடுங்கள்.

இதற்கு நேர் எதிரான இடமும் உண்டு. சிறுவனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி, வீக்கம். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே திறந்து பார்க்க வேண்டும் என்கிறார் சர்ஜன். அப்போது ஊர் ஊராகக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் விதை போய்விடும். ஆறு மணி நேரம்தான் கையில் இருக்கும் அவகாசம். அந்த நேரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

வார்டில் படுத்திருக்கும் பிள்ளைக்கு மோசமாகிறது, யாரும் காது கொடுக்கவில்லை என்றால்? ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-ல் மூன்று வயதுகூட நிறையாத ரயன் என்ற பிள்ளை, கண்டறியப்படாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றால் இறந்துபோனான். மோசமாகிக்கொண்டே போகிறான் என்று பெற்றோர் கவலைப்பட்டது எடுபடவில்லை. 2013-ல் அங்கே அவன் பெயரிலேயே ஒரு விதி வந்தது. முதலில் பார்க்கும் நர்ஸ் அல்லது டாக்டரிடம் சொல்ல வேண்டும். கேட்கவில்லையா, வார்டுப் பொறுப்பு நர்ஸிடம். அதற்கும் பலன் இல்லையா, ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டால் பிள்ளையைப் புதிதாக ஒருவர் வந்து பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் மார்த்தா என்ற 13 வயதுப் பெண் 2021-ல் இறந்த பிறகு, அவள் பெயரால் இப்படியொரு விதி 2024-லிருந்து நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தொலைபேசி இல்லாத ஊரிலும் முதல் இரண்டு படிகள் நம் வசம் இருக்கின்றன. ‘பயமா இருக்கு’ என்று அழுதால் டியூட்டி டாக்டர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ‘காலையில பேர் சொன்னா திரும்பினான், இப்போ திரும்பல. எட்டு மணி நேரமா சிறுநீர் போகல. சீஃப் டாக்டர் வந்து பார்க்கணும்’ என்று சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அவருக்கு நகர வழியிருக்காது.

கடைசியாக, அந்த ஃபைல். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்கிறது. ஸ்கேன் என்றால் அறிக்கைத் தாள் போதாது, படங்கள் உள்ள சிடி வேண்டும். கட்டியிலிருந்து சதை எடுத்திருந்தால் அந்த ஸ்லைடுகளும் பிளாக்கும் வேண்டும். இரண்டாவது டாக்டர் இன்னொருவர் எழுதியதை மட்டும் படிக்காமல், தானே பார்த்துச் சொல்ல வேண்டுமல்லவா?

இருவரும் இரண்டு விதமாகச் சொன்னால், மூன்றாமவரிடம் போய் ஓட்டு எண்ணாதீர்கள். 1,000 பிள்ளைகளுக்கு நேர்ந்தது நினைவிருக்கட்டும். இருவரும் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்று கேளுங்கள். பரிசோதனை முடிவிலா, அதைப் படிக்கும் விதத்திலா, ‘இப்போதே’ என்பதா ‘பொறுத்து’ என்பதா? அந்த இடம் தெரிந்துவிட்டால், முதல் டாக்டரிடமே திரும்பிப் போய் அதைப் பேசலாம். போகும்போது இரண்டாமவரின் ஃபைலைக் கட்டைப்பையில் மேலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம்: பேச்சு தாமதமாகும் பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது நாக்கையா, காதையா?