படம் தெரிந்தால் போதுமா?

எண்பதுகளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்கு ‘டெக்’ என்பது வாடகைக்கு வரும் விருந்தாளி. மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்திறங்கும். விடிய விடிய மூன்று படம் காட்டும். காலையில் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ஒளிநாடாப் பதிவி என்று நாம் அழைக்கத்தக்க அந்தப் பொறியை, 1976-இல் ஜப்பானில் ஜேவிசி வெளியிட்ட வி.எச்.எஸ். முறை உலகெங்கும் வீட்டுப் பொருளாக்கியது. 2016-இல் ஃபுனாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியதும் புதுப்பொறிகளின் வரவு ஓய்ந்தது. நாடாக்கள் மட்டும் ஓயவில்லை. அப்பா அம்மா திருமணத்தைக் கணினிக்கு மாற்றிவைக்க விரும்பும் பிள்ளைகள், பல்லாண்டுகளாகப் பரணில் கிடந்த பெட்டியை இறக்கித் தூசு தட்டுகிறார்கள். செருகியை மாட்டி, பொத்தானை அழுத்தி, படம் தெரிந்தால் பெட்டி நலம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் பிழை தொடங்குகிறது. படம் தெரிவது பொறியின் ஒரு பாதியைப் பற்றிய சான்று. தொடுகிற கைக்குத் தீங்கு வராது என்பதற்குச் சான்று வேறு.

மேல்மூடியைக் கழற்றி மின்வழங்கிப் பலகையைப் பார்த்தால் இது விளங்கும். பிற்காலப் பதிவிகள் பலவற்றில் வீட்டின் 230 வோல்ட்டு மாறுமின்னழுத்தம் முதலில் திருத்தப்பட்டு, ஏறத்தாழ 325 வோல்ட்டு நேர்மின்னழுத்தமாக ஒரு பெரிய மின்தேக்கியில் நிறைகிறது. பட்டறைகளில் ‘ஹாட் சைடு’ என்று சொல்வது இந்தப் பக்கத்தை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவை 5 வோல்ட்டு, 12 வோல்ட்டு போன்ற சிற்றழுத்தங்கள். நாம் தொடுகிற உலோகச் சட்டமும், மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகளும், ஆன்டெனா முனையும் அப்பக்கத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே பலகையில் ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்துக்குச் செம்பில்லாத வெற்றுநிலம் வளைந்து வளைந்து ஓடும். சில இடங்களில் பலகையையே அறுத்துப் பிளவு விட்டிருப்பார்கள். அந்த எல்லையைக் கடக்க உரிமை பெற்றவை சில உறுப்புகள் மட்டுமே. மின்மாற்றி காந்தப்புலத்தால் கடக்கிறது. ஒளிப்பிணைப்பி ஒளியால் கடக்கிறது. இந்த வெற்றுநிலமே பொறியின் காப்புச் சுவர். பின்புறத் தகட்டில் சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி இருந்தால், இச்சாதனம் நிலத்தொடர்பை நம்பவில்லை, இரட்டைக் காப்பை நம்புகிறது என்று பொருள். செருகியில் மூன்றாவது கால் இல்லாததும் அதனால்தான்.

அந்தச் சுவரில் வேண்டுமென்றே விட்ட ஒரு சிறு கசிவும் உண்டு. மின்வழங்கி எழுப்பும் உயர் அதிர்வெண் இரைச்சலை அடக்க, ‘ஒய்’ வகை மின்தேக்கி ஒன்றை இரு பக்கங்களுக்கும் பாலமாக வைக்கிறார்கள். அதன் அளவு 2.2 நானோ ஃபாரட் என்று கொண்டால், 230 வோல்ட்டு, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அதன் வழியே செல்லக்கூடியது 0.16 மில்லி ஆம்பியர் அளவே. சட்டத்தை மெல்லத் தடவும்போது சிலருக்கு எழும் மெல்லிய நறநறப்புக்கு இதுவே காரணம். நியான் டெஸ்டரை வைத்தால் அதுவும் மினுக்கும். ஆனால் அந்த மினுக்கத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. நியான் விளக்கு ஒளிர மிக நுண்ணிய மின்னோட்டமே போதும் என்பதால், ஏற்கத்தக்க கசிவுக்கும் கொல்லத்தக்க கசிவுக்கும் அது ஒரே முகத்தைத்தான் காட்டும். மனித உடல் மாறுமின்னோட்டத்தைப் பொதுவாக உணரத் தொடங்குவது ஏறத்தாழ 0.5 மில்லி ஆம்பியரில். 10 மில்லி ஆம்பியர் அளவில் தசைகள் இறுகிப் பிடித்த பொருளை விடமுடியாமல் போகலாம். அதற்கும் மேலே போகப்போக இதயத்தின் தாளம் குலையலாம். ஆகவே வினவ வேண்டியது, கசிவு எவ்வளவு என்பதே.

அளக்கும் முறை இரண்டு. முதலாவது குளிர்நிலைச் சோதனை. செருகியைச் சுவரிலிருந்து கழற்றி, அதன் இரு கால்களையும் ஒரு கம்பியால் இணைத்து, பொறியில் மின்சுவிட்சு இருந்தால் அதைப் போட்ட நிலையில் வைத்து, அந்த இணைப்புக்கும் வெளியே தெரியும் ஒவ்வோர் உலோகப் பகுதிக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். சட்டத்தோடு தொடர்புள்ள பகுதிகளில் 1 முதல் 5.2 மெகா ஓம் வரை காட்ட வேண்டும் என்று பழைய பழுதுநீக்கக் கையேடுகள் பல கூறும். தொடர்பில்லாதவற்றில் மீட்டர் அசையவே கூடாது. சில கிலோ ஓம் காட்டினால் சுவர் இடிந்திருக்கிறது. அந்தப் பொறிக்கு மின்சாரமே தரக்கூடாது. நம் வீடுகளில் சுவர் இடிவதற்கு உறுப்புக் கோளாறுதான் காரணமாக வேண்டும் என்பதில்லை. கரப்பான் எச்சமும் பல்லி எச்சமும் அந்த வெற்றுநிலத்தில் படிந்து, மழைக்கால ஈரத்தை உறிஞ்சினால், மின்சாரம் அதன்மேல் ஊர்ந்து கடக்கும்.

இரண்டாவது சூடுநிலைச் சோதனை. பொறி ஓடும்போது செய்வது. 1,500 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றையும் 0.15 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் பக்க இணைப்பாகக் கட்டி, ஒரு முனையை நல்ல நிலத்தொடர்பிலும் மறுமுனையை வெளி உலோகத்திலும் வைத்து, குறுக்கே எழும் மாறுமின்னழுத்தத்தை மீட்டரில் பார்க்க வேண்டும். 0.75 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 0.75-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.5 மில்லி ஆம்பியர்; உடல் உணரத் தொடங்கும் அதே எல்லை. இங்கே மின்தடை நம் உடலுக்காக நிற்கிறது. மின்தேக்கி எதற்கு? 50 ஹெர்ட்ஸில் அது 21,000 ஓமுக்கு மேல் எதிர்ப்புக் காட்டி ஒதுங்கியே நிற்கும்; அதிர்வெண் கூடக்கூட வழிவிடும். உயர் அதிர்வெண் மின்னோட்டத்தை உடல் குறைவாகவே உணர்வதால், அளவீடும் அதற்கேற்பத் தளர்கிறது. இந்தச் சோதனையில் மூன்று கண்ணிகள் உண்டு. நிலத்தொடர்புக்குத் தண்ணீர்க் குழாயைப் பற்றுக என்று கையேடு சொல்லும். இன்றைய வீட்டுக் குழாய் பெரும்பாலும் பிவிசி, அதில் பற்றினால் எந்தப் பொறியும் தேறிவிடும். இருகால் செருகியை எப்படியும் திருப்பி மாட்டலாம் என்பதால், இரு வழியிலும் மாட்டி அளக்க வேண்டும். பழுதுபார்ப்பவரைக் காக்கும் தனிமைப்படுத்து மின்மாற்றியை இச்சோதனையின்போது நீக்கிவிட வேண்டும்; அது நடுவில் இருந்தால் கசிவு மறைந்துபோகும்.

பழுது நீக்கும்போது இதே மின்மாற்றி இன்றியமையாதது. அதற்கும் முன்னே கவனிக்க வேண்டியது பெரிய மின்தேக்கி. 100 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியில் 325 வோல்ட்டு தேங்கினால் அதில் அடங்கும் ஆற்றல் 5 ஜூலுக்கு மேல். செருகியைப் பிடுங்கிய பிறகும் அது அங்கேயே காத்திருக்கலாம். திருப்புளியை வைத்துப் பொறிபறக்க வடிப்பது பழைய கெட்ட பழக்கம். 2 கிலோ ஓம், 10 வாட் மின்தடையைக் காப்பிட்ட கம்பிகளோடு குறுக்கே வைத்தால் ஒரே நொடியில் அமைதியாக வடியும். பிறகு மீட்டரால் உறுதிசெய்து கொள்ளலாம். முதன்முதலாக மின்சாரம் தரும்போது ‘சீரிஸ் பல்பு’ வழியே தருவது பட்டறையின் முதுமொழி போன்றது. தொடரிணைப்பில் உள்ள 60 வாட் இழைவிளக்கு கணநேரம் மின்னி மங்கினால் நல்லது. முழு ஒளியோடு நின்றெரிந்தால் உள்ளே குறுக்குச்சுற்று.

இருபதாண்டுப் பொறியில் முதலில் சாய்வது பெரும்பாலும் மின்பகு மின்தேக்கிகளே. பெட்டி சுவரில் செருகியபடி ‘அணைந்து’ கிடந்தபோதும் மின்வழங்கி இரவும் பகலும் வெதுவெதுப்பாகவே இருந்ததால், அவற்றின் உள்நீர் மெல்ல உலர்ந்திருக்கும். இவற்றை மாற்றுவது எளிது. மாற்றும் வேளையில்தான் காப்புச் சுவரை நாமே இடித்துவிடும் வாய்ப்பும் இருக்கிறது. சுற்றுப்படத்தில் முக்கோணத்துக்குள் வியப்புக்குறி இட்ட உறுப்புகளுக்கு அதே தரத்து உறுப்பையே இட வேண்டும். ‘ஒய்’ மின்தேக்கிக்குப் பதில் அதே அளவுள்ள சாதாரண வட்டு மின்தேக்கியை வைத்தாலும் படம் தெரியும். ஆனால் அது ஒருநாள் குறுக்குச்சுற்றானால் சட்டம் முழுவதும் மின்னேறிவிடும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றினாலும் படம் தெரியும்; பாதுகாப்பு போய்விடும்.

மின்சாரம் அடங்கிய பின் எஞ்சுவது இயந்திர நுட்பம். 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை, பால் முறையில் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுழல்கிறது. நாடா நொடிக்கு 23 மில்லிமீட்டர் மட்டுமே நகர்ந்தாலும், உருளையின் விளிம்பில் உள்ள தலைமுனை அதை நொடிக்கு 4.85 மீட்டர் வேகத்தில் சாய்வாக உரசிப் படிக்கிறது. பூஞ்சை பிடித்த ஒரே நாடா போதும், தலை அடைபட்டுத் திரையெங்கும் வெள்ளைப்புள்ளி பொழியும். செருகியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த மென்தோலை உருளையின் பக்கத்தில் அசையாமல் பிடித்து, மறுகையால் உருளையைத் திருப்ப வேண்டும். தோல் அசையாது, உருளை அசையும். மேலும் கீழும் தேய்த்தால் மயிரிழை போன்ற ஃபெரைட் முனை ஒடிந்துவிடும். பஞ்சுக் குச்சியின் இழையும் அதில் சிக்கி அதே கேட்டைச் செய்யும்.

எல்லாம் முடிந்து மேல்மூடியைத் திருகிய பிறகே அந்த இரு சோதனைகளையும் மறுபடி செய்ய வேண்டும். மூடும்போது சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மின்கம்பி நசுங்கியிருக்கலாம். நீளமான திருகு ஒன்று காப்பைத் துளைத்திருக்கலாம். கணினிக்குக் கம்பி இழுப்பதற்கு முன் இதை உறுதிசெய்வது இன்னும் தேவை. அந்தக் கம்பி பதிவியின் சட்டத்தைக் கணினியின் சட்டத்தோடு ஒன்றாக்கிவிடும். ஒன்றில் ஏறிய மின்சாரம் மற்றதைத் தொடுபவரையும் தாக்கும். மீட்டர் 0.75-க்குக் கீழே நின்றால், அந்த அளவைத் தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடலாம். அடுத்த முறை அளப்பவருக்கு, கசிவு வளர்ந்திருக்கிறதா என்று அந்தத் தாள் சொல்லும். இனி நாடாவைச் செருகலாம்.