கறுத்த தோலும் கறுத்த முடியும்

லேசருக்குப் பிடித்த முகம் ஒன்று உண்டு. தோல் வெளுத்திருக்க வேண்டும், முடி கறுத்திருக்க வேண்டும். காசிமேட்டு மீன் ஏலத்திலோ, திருவொற்றியூர் தேரடியிலோ, எண்ணூர் கத்திவாக்கத்திலோ அப்படியொரு முகத்தைத் தேடினால் பொழுது போய்விடும். இங்கே முடியும் கறுப்பு, தோலும் கறுப்பு. கொஞ்சநஞ்சம் இருக்கிற வெளுப்பையும் கடலோர வெயில் வாங்கிக்கொள்ளும். ஆனால் முக முடியை நிரந்தரமாக நீக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களில் சிரிக்கும் பெண் எப்போதும் வெளுத்தவள்தான். அவள் முகத்துக்கும் நம் முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் ஓர் இயற்பியல் பாடம் அடங்கியிருக்கிறது. பணம் கட்டும் முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1983-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடலில் எந்தப் பொருளைச் சுட வேண்டுமோ அது விரும்பி உறிஞ்சும் நிறத்து ஒளியாகத் தேர்ந்தெடுத்து, சரியான கால அளவுக்கு மட்டும் பாய்ச்சினால், அந்தப் பொருள் சூடாகி அழியும், பக்கத்தில் இருப்பது தப்பிக்கும் என்பது அதன் சாரம். 1996-இல் அதே ஊரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக் குழு, ரூபி லேசரை 13 தன்னார்வலர்கள்மேல் செலுத்திப் பார்த்து, முடி வளர்ச்சி தடைபடுவதைப் பதிவு செய்தது. எல்லோருக்கும் வெளுத்த தோல். முடி மட்டும் பழுப்பு அல்லது கறுப்பு. இன்றைய லேசர் வியாபாரம் முழுவதும் அங்கிருந்து கிளைத்ததுதான். தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் தோல் வகைப் பட்டியலுக்கும் இதே கதை. 1975-இல் அது வெளுத்த தோலுக்காகவே உருவானது. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பிற்பாடுதான் சேர்க்கப்பட்டன. நம்மில் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையிலான வகையினர்.

லேசர் தேடுவது மெலனின் என்ற நிறமியை. அது முடியின் தண்டிலும் வேரிலும் இருக்கிறது. ஒளியை உறிஞ்சிச் சூடாகும் முடி, தன்னைச் சுற்றியுள்ள மயிர்க்காலை வேகவைக்கிறது. புதுமுடியை உண்டாக்கும் செல்கள் அதில் அழிகின்றன அல்லது முடங்குகின்றன. வெளுத்தவருக்கு இதோடு விஷயம் முடிந்தது. நமக்கு அதே மெலனின் மேல்தோலிலும் நிறைந்திருக்கிறது. தோலுக்குச் சில மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள வேரை அடையும் முன் ஒளி அதைக் கடந்தாக வேண்டும். அங்கேயே ஒளி நின்றுவிட்டால் கொப்புளம், கருந்திட்டு, சில நேரம் வெள்ளைத் திட்டு.

இதிலிருந்து தப்பிக்க வழி இருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகு மெல்லிய அலுமினியத் தட்டு சட்டென்று ஆறிவிடும், கனத்த தோசைக்கல் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும் அல்லவா? மேல்தோல் அந்தத் தட்டு. தடித்த முடியும் அதன் மயிர்க்காலும் தோசைக்கல். மேல்தோலின் சூடு ஆயிரத்தில் சில பங்கு நொடியில் வடிந்துவிடுகிறது, மயிர்க்காலுக்கோ அதைவிடப் பல மடங்கு நேரம் பிடிக்கிறது. ஆகவே ஒளியை ஒரே அடியாக அடிக்காமல் சற்று நீட்டிக் கொடுத்தால், மேல்தோல் ஆறிக்கொண்டே இருக்கும், வேரில் மட்டும் சூடு சேரும். கூடவே கருவியின் முனையைக் குளிரவைத்தோ, குளிர்காற்று வீசியோ மேல்தோலைக் காப்பாற்றுகிறார்கள். தோசைக்கல்லை இத்தோடு இறக்கி வைத்துவிடுவோம். மீதிக் கதை அலைநீளத்தில் இருக்கிறது.

ரூபி லேசரின் ஒளி 694 நானோமீட்டர். அலெக்சாண்ட்ரைட் 755, டயோடு 800 முதல் 810 வரை, என்டி-யாக் 1,064. எண் ஏற ஏற மெலனின் ஒளியை உறிஞ்சுவது குறைகிறது, ஒளி இறங்கும் ஆழம் கூடுகிறது. முடியைச் சுடும் திறன் சற்றுக் குறைந்தாலும் கறுத்த தோலுக்கு என்டி-யாக்தான் பாதுகாப்பானது. டயோடும் தேர்ந்த கையில் பயன்படும். ரூபி நமக்கு ஆகாது. சலுகை எவ்வளவு என்று கேட்கும் முன், எந்த லேசர், கருவியைப் பிடிக்கப்போவது யார், தோல் மருத்துவர் உடன் இருப்பாரா என்று கேட்கலாம். பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம், வெட்கமே வேண்டாம். இன்னொன்று, ஐபிஎல் என்ற கருவியையும் லேசர் என்றே சொல்லிவிடுகிறார்கள். அதில் வருவது பல அலைநீளங்கள் கலந்த பளிச்சொளி. மேல்தோல் மெலனினுக்குப் பிடித்த குறுகிய அலைகளும் அதில் இருப்பதால் நம் தோலைச் சுடும் வாய்ப்பு கூடுதல். வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். மிகக் கறுத்த தோலுக்கு வேண்டாம் என்று அவற்றின் கையேடே சொல்லும். பெட்டியைப் பிரித்த பிறகு யார் கையேடு படிக்கிறார்கள்?

வெயில் விஷயத்தில் வடசென்னைக்கென்று தனிச் சிக்கல் உண்டு. விடிவதற்கு முன்பே காசிமேட்டில் மீன் எடுத்து, உச்சிவரை தெருவில் விற்கும் பெண்ணின் முகத்தில் வெயில் கூடுதலாக ஏற்றிய மெலனினும் இருக்கிறது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குபவருக்கும், வாயிற்காவலருக்கும், டூவீலரில் மணலி போய்வருபவருக்கும் அப்படித்தான். வெயிலில் கறுத்திருக்கும்போது லேசர் எடுப்பது சூட்டுக்காயத்தை வலிய அழைப்பதற்குச் சமம். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் வெயிலைத் தவிர்க்கச் சொல்வார்கள், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைத் திரும்பத் திரும்பப் பூசச் சொல்வார்கள். குளிரூட்டிய அறையில் வேலை பார்ப்பவருக்கு எழுதப்பட்ட அறிவுரை இது. தெருவில் பிழைப்பவர் என்ன செய்வார்? கார்த்திகை, மார்கழியில் தொடங்குவது, முந்தானையையோ துப்பட்டாவையோ இழுத்து முகத்தை மறைப்பது, இயந்திரத்தின் வீரியத்தைக் குறைத்து நிதானமாகப் போகச் சொல்வது. அதுவும் முடியாதென்றால் லேசரை ஒத்திப்போடுவதுதான் புத்திசாலித்தனம்.

முதல் சிட்டிங்குக்கு ஒரு மாதம் முன்பிருந்தே த்ரெடிங், வாக்ஸிங், பிடுங்கல் எதுவும் கூடாது. வேரோடு முடியைப் பிடுங்கிவிட்டால் லேசர் எதைச் சுடும்? அதற்குப் பதிலாக ஷேவ் செய்யச் சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் அதிர்ந்துபோவது இங்கேதான். ஷேவ் செய்தால் முடி தடிப்பாக வளரும் என்ற நம்பிக்கை 1928-லேயே அளந்து பார்த்துத் தவறென்று காட்டப்பட்டது. வெட்டிய நுனி மழுங்கியிருப்பதால் கைக்குச் சொரசொரக்கிறது, அவ்வளவே.

சிகிச்சை நாளில் மஞ்சள், குங்குமம், கிரீம், ஒட்டுப்பொட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மோவாயிலோ நெற்றியிலோ பச்சை குத்தியிருக்கும் வயதான பெண்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். லேசர் அந்த மையையும் உறிஞ்சும், அந்த இடம் வெந்துபோகும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உதட்டோரம் அக்கி வந்ததுண்டு என்றாலும், முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறோம் என்றாலும், கர்ப்பம் என்றாலும் அப்படியே. கண்ணுக்கு மூடி இல்லாமல் பொத்தானை அழுத்த விடவே கூடாது. புருவத்தை ஒட்டி லேசர் அடித்ததில் கண்ணின் கருவிழித்திரை பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எனவே புருவத்துக்கு நூல் போதும்.

ஒவ்வொரு துடிப்புக்கும் சுருக்கென்று ஒரு வலி, முடி கருகும் வாடை. மேலுதட்டில் வலி கூடுதல். முடிந்ததும் மயிர்க்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னத் தடிப்பு தோன்றும், பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும். சூடு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்ததற்கு அது அடையாளம். கொப்புளம் வந்தால் கணக்கு தப்பிவிட்டது என்று பொருள், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் முடி மறுபடி வளர்வதுபோலத் தோன்றும். அது வளர்ச்சியில்லை, செத்த முடி வெளியே தள்ளப்படுகிறது.

எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில உதிரக் காத்திருக்கும், சில ஓய்வில் கிடக்கும். வளரும் கட்டத்தில் உள்ளது மட்டுமே வேரோடு ஒட்டிக்கொண்டு ஒளிக்கு வசமாக அகப்படும். மேலுதட்டு முடியின் ஓய்வுக்காலம் ஏறத்தாழ ஆறு வாரம், மோவாயில் பத்து வாரம். அதனால்தான் முகத்துக்கு நான்கு முதல் ஆறு வார இடைவெளியில், ஆறோ எட்டோ அதற்கு மேலுமோ சிட்டிங் தேவைப்படுகிறது. மாதத்தில் இரண்டு முறை வரச்சொல்பவர் உங்கள் முடியைவிட உங்கள் பணப்பைமேல் அக்கறையுள்ளவர். அமெரிக்க உணவு-மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு அனுமதி தரும்போது 'நிரந்தர நீக்கம்' என்று சொல்வதில்லை, 'நிரந்தரக் குறைப்பு' என்றே சொல்கிறது. முடி குறையும், மெலியும், மெதுவாக வரும். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை திரும்பப் போகவேண்டி வரலாம்.

கன்னத்துப் பூனை முடிக்கு லேசர் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அதில் மெலனின் குறைவு, சூடு சேராது. அரைகுறைச் சூடு பட்ட மெல்லிய முடி, தூங்குபவனைத் தட்டி எழுப்பிய கணக்காகத் தடித்துக் கறுத்து வளர்வதுமுண்டு. முகத்திலும் கழுத்திலும், நம் போன்ற தோலிலும், ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களிடமும் இந்த எதிர்விளைவு அதிகம் காணப்படுகிறது. 'ஃபுல் ஃபேஸ்' சலுகையில் இந்தப் பேச்சே வராது.

ஹார்மோன் என்று வந்துவிட்ட பிறகு மூலக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்: முடி ஏன் வந்தது? மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளரும் பெண்களில் பெரும்பாலோருக்குச் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போகிறதா, எடை கூடுகிறதா, பரு விடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திடீரென்று சில மாதங்களில் முடி அடர்ந்து, குரலும் கனத்தால் அது அவசரம். அட்ரினலிலோ சினைப்பையிலோ கட்டி இருக்கலாம். வலிப்புக்கான சில மாத்திரைகளும் முடியை வளர்க்கும். இங்கே இன்னொரு குற்றவாளி மெடிக்கல் ஷாப்பில் 'வெள்ளையாக்கும் கிரீம்' என்று கேட்டதும் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு களிம்பு. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, முடியும் முளைக்கும். 2018-இல் மத்திய அரசு இத்தகைய 14 களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் இருக்கிறது, களிம்பும் கிடைக்கிறது. மெலிந்துபோன அந்தத் தோலில் லேசர் படுவது இரட்டை ஆபத்து. ராயபுரத்தை ஒட்டியுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. லேசருக்குச் சேர்த்து வைத்த பணத்தைத் தொடும் முன் அங்கே ஓர் ஓ.பி. சீட்டு போட்டு, காரணத்தைத் தெரிந்துகொண்டு வரலாம். நீர்க்கட்டிக்கு மருந்து எடுக்காமல் லேசரை மட்டும் நம்பினால், சுட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஹார்மோன் புதிய முடிகளைத் தடிக்கவைத்துக்கொண்டே இருக்கும்.

இது பெண்கள் விவகாரம் மட்டுமென்று எண்ண வேண்டாம். மணலி, எண்ணூர் ரசாயன ஆலைகளில் காற்றுப்புகா முகமூடி போட வேண்டிய ஆண்களுக்குத் தாடி இருக்கக்கூடாது. சில நாள் முள்தாடி இருந்தாலே முகமூடி முகத்தோடு சரியாக ஒட்டாமல் வாயு உள்ளே கசியும். 2023 டிசம்பர் இறுதியில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஊரே இரவில் வெளியேறியதைப் பார்த்தவர்களுக்கு முகமூடிக் கசிவின் ஆபத்து விளங்கும். ஆனால் சுருட்டைத் தாடிக்காரர் தினமும் மழித்தால், வெட்டிய முடி திரும்பத் தோலுக்குள்ளேயே புகுந்து கட்டிகட்டியாக வீங்கும். நான்கு முதல் ஆறு வரையிலான தோல் வகையினரின் இந்தத் தொல்லையை நீள்துடிப்பு என்டி-யாக் லேசர் தணிப்பதாக 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. கறுத்த தோலை முன்னிறுத்தி நடந்த ஆய்வு என்பதால் நமக்கு அது தனியாக முக்கியம்.

திருநங்கைகளுக்கு லேசர் இன்னும் அடிப்படையானது. ஈஸ்ட்ரோஜன் மருந்து உடம்பு முடியை மெலியவைக்கும், ஒருமுறை வேரூன்றிய தாடியை அது அசைப்பதில்லை. நாட்டிலேயே முதலாகத் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு, 2008-இல். திருநர்களுக்காக 2019-இல் வந்த மத்தியச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சையோடு லேசர் சிகிச்சைக்கும் காப்பீடு தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியது. லேசரை வெறும் ஒப்பனைச் செலவென்று தள்ளிவிடும் அலுவலரிடம் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டலாம்.

நரைத்த முடியை எந்த லேசராலும் ஒன்றும் செய்ய முடியாது. உறிஞ்ச மெலனின் இல்லை. அதற்கு மின்னூசிதான். 1875-இல் சார்லஸ் மிஷெல் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர், கண்ணுக்குள் குத்தும் இமைமுடியை அகற்றக் கையாண்ட முறை அது. மயிர்க்காலுக்குள் நுண்ணூசி விட்டு மின்சாரம் பாய்ச்ச வேண்டும், ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியாக. பொறுமையைச் சோதிக்கும், ஆனால் முடியின் நிறமோ தோலின் நிறமோ அதற்குப் பொருட்டில்லை. தாடையில் வெள்ளை எட்டிப்பார்க்கத் தொடங்கியவர்கள் கறுப்பு மிச்சமிருக்கும்போதே லேசரை முடித்துக்கொண்டு, வெள்ளையை ஊசிக்கு விடுவது லாபம்.