மலைப்பாம்புக் குட்டிக்கு எலி விருந்து!

அமெரிக்காவில் சிலர் வீட்டிலேயே மலைப்பாம்பு வளர்க்கிறார்கள்! (நம் நாட்டில் மலைப்பாம்பைப் பிடித்து வளர்த்தால் சிறைதான். 1972-ம் ஆண்டு சட்டம் அப்படி.)

அது மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பு. பயந்தால் பந்து போல் சுருண்டு, தலையை நடுவில் மறைத்துக்கொள்ளும்.

பதுங்க இடம் இல்லாவிட்டால் குட்டி மிரளும்; இரையைத் தொடாது. ஆகவே சிறிய பெட்டி, அதற்குள் உடம்பு ஒட்டும்படி மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம். பெட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி சூடு, மறுபக்கம் 26. சூடு குறைந்தால் இரை செரிக்காது. கக்கிவிடும்!

வாரம் ஒரு சுண்டெலி. பாம்பின் பருமன்தான் எலிக்கும் அளவு. உயிருள்ள எலியை உள்ளே விட்டால், அது பாம்பையே கடித்துவிடும்! அதனால், உறைய வைத்த செத்த எலியை வெந்நீரில் சூடாக்கி, இடுக்கியில் பிடித்து ஆட்டுவார்கள்.

பெரிய பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும். குட்டி தாங்காது. எடை குறைந்தால் மிருக வைத்தியரிடம் ஓடுகிறார்கள்.