9.3 என்றால் என்ன? - டீ.என்.ஏ பரிசோதனையில் குறைத்துண்டு

மாணவர்களே, 2004 டிசெம்பர் 26 ஆந் திகதி ஏற்பட்ட சுனாமியின் பின்னர் கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட ஆண் குழந்தையொன்று ‘81 ஆம் இலக்கக் குழந்தை’ என அழைக்கப்பட்டது. நீதிமன்றம் டீ.என்.ஏ பரிசோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு கிடைத்ததும் குழந்தை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவ்வாறான பரிசோதனையில் எதனை எண்ணுகிறார்கள் என நோக்குவோம்.

டீ.என்.ஏ இல் அடினின் (ஏ), தைமின் (ரீ), குவானின் (ஜீ), சைற்றோசின் (சீ) என நான்கு மூலங்கள் உள்ளன. சில இடங்களில் ஒரே சிறு துண்டு அடுத்தடுத்து மீளும். 11 ஆம் நிறமூர்த்தத்திலுள்ள ரீஎச்01 என்னும் இடத்தில் ‘ஏஏரீஜீ’ எனும் துண்டு மீள்கிறது. மீளும் தடவைகள் ஆளுக்காள் வேறுபடும். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒருவருக்கு இரண்டு எண்கள் உண்டு.

சிலரில் ஒரு துண்டு குறைபட்டிருக்கும். நம் தோட்டத்து லயமொன்றைக் கருதுக. பத்துக் காம்பராக்கள், ஒவ்வொன்றும் நான்கு எட்டு நீளம். ஏழாவது காம்பரா மட்டும் மூன்று எட்டு. வெளியே நின்று அளப்பவருக்கு 40 எட்டுக்குப் பதிலாக 39 எட்டே கிடைக்கும். அதாவது, ஒன்பது முழுக் காம்பராக்களும் மூன்று எட்டும். ரீஎச்01 இலும் இவ்வாறே ஏழாவது துண்டு ‘ஏரீஜீ’ என ஒரு மூலம் குறைந்திருக்கும். இதனையே 9.3 என எழுதுவர்.

கவனிக்க: இது தசம எண் அன்று. 9.3 ஐ 4 ஆற் பெருக்கக்கூடாது. (9 × 4) + 3 = 39 மூலங்கள் என்பதே சரி.

இந்த ஒரு மூலம் ஏன் முக்கியம்? தாய் 6, 8. பிள்ளை 8, 9.3 எனக் கொள்வோம். 8 தாயிடமிருந்து வந்தது; எனவே 9.3 தந்தையுடையது. ‘அ’ என்பவர் 7, 9.3, ‘ஆ’ என்பவர் 7, 10. பிள்ளையின் 9.3 ஐ 10 எனப் பிழையாகக் குறித்தால் உண்மைத் தந்தையாகிய ‘அ’ விலக்கப்படுவார், ‘ஆ’ பொருந்திவிடுவார். ஆகவே ஒரு மூல வேறுபாட்டையும் பிரித்தறியும் கருவி அவசியம். விகாரமும் நிகழக்கூடுமாதலால் ஓரிடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாது பல இடங்களை ஒப்பிடுவர்.

பயிற்சி:
1. 8.3 இல் எத்தனை மூலங்கள் உள்ளன?
2. தாய் 7, 9.3, பிள்ளை 6, 9.3. தந்தையிடம் இருக்கவேண்டிய எண் யாது?

விடை: 1. 35 2. 6