வீட்டிலிருந்தே வீடு தேடுவோர்

நாளிதழ்களில் “காணவில்லை” என்னும் தலைப்பில் வரும் சிறு விளம்பரங்களை நாம் கண்டும் காணாமல் கடந்து விடுகிறோம். பேருந்து நிலையத் தூண்களிலும் இரயில் நிலையச் சுவர்களிலும் அவை ஒட்டப்பட்டிருக்கும். எழுபதைத் தாண்டிய ஒரு மூதாட்டியின் படம். ஏதோ ஒரு திருமணப் படத்திலிருந்து வெட்டியெடுத்தது என்பது, தோளருகே தெரியும் வேறொருவர் கையால் புலப்படும். உயரம், நிறம், சேலையின் வண்ணம் ஆகியவற்றிற்குப் பின், “சற்று ஞாபக மறதி உள்ளவர்” என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள் அடங்கிய நோயையும், அது ஒரு குடும்பத்திற்குள் மூட்டிவிடும் பூசலையும் பற்றி நான் அறிந்தவற்றை ஈண்டுக் கூற விழைகிறேன். நம் மாணவர் பலருடைய வீடுகளில் பாட்டியர் உள்ளனர். ஆதலின் இது நம் கல்லூரிக்குப் புறம்பான செய்தி அன்று.

மறதியெல்லாம் நோயாகா. மூக்குக் கண்ணாடியை வைத்த இடத்தை மறப்பது முதுமையின் இயல்பு. அது எதற்குப் பயன்படுவது என்பதையே மறப்பது நோய். குழம்பிற்கு உப்பிட மறப்பது யார்க்கும் நேர்வதே. நாற்பது ஆண்டுகள் குழம்பு வைத்த கை, எதிலிருந்து தொடங்குவது எனத் தெரியாமல் அடுப்பின் முன் நின்றால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். இதனை ஆங்கில மருத்துவம் டிமென்ஷியா என்கிறது. நாம் மறதி நோய் என்கிறோம். ஆயினும் நினைவு மட்டுமன்றி மொழி, காலம், இடம், தீர்மானிக்கும் திறன் ஆகிய யாவும் இதில் படிப்படியாகக் குலைகின்றன. யாழ்ப்பாணத்துத் தமிழர் “அறளை பெயர்தல்” என்று இதனைக் குறிப்பர். ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டுப் பெயர்ந்துவிட்டது என்னும் கருத்து அதில் தொனிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

2021ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 5 கோடியே 70 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என 2023இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஆடவரினும் பெண்டிரிடையே இது மிகுதி. மறதி நோயாளருள் நூற்றுக்கு 60 முதல் 70 பேர்க்குக் காரணமாவது அல்சைமர் நோய். மூளைக்குச் செல்லும் குருதிக் குழாய்கள் அடைபடுவது மற்றொரு காரணம். பி12 உயிர்ச்சத்துக் குறைவு, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரவல்லன. இவை மருந்துக்குக் கட்டுப்படுபவை. “வயதானால் அப்படித்தான்” என்று விட்டுவிடுவதால் குணமாகக் கூடியவர்களும் குணமாகாமற் போகின்றனர்.

இந்நோய் ஏட்டில் ஏறிய வரலாறு கருதத்தக்கது. 1901இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அகஸ்டே என்னும் 51 வயதுப் பெண்மணி அழைத்து வரப்பட்டார். அவரிடம் முதலில் தோன்றியது மறதியன்று. கணவன் மீது காரணமற்ற ஐயம். பின்னரே நினைவு தடுமாறியது. அவரை ஆராய்ந்தவர் அலாய்ஸ் அல்சைமர் என்னும் மருத்துவர். 1906இல் அவ்வம்மையார் இறந்தபின் மூளையை நுண்ணோக்கியின்கீழ் வைத்துப் பார்த்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே சிக்கலுற்ற இழைகளும் இருப்பதைக் கண்டு, அதே ஆண்டு நவம்பரில் டூபிங்கன் நகர மாநாட்டில் உரைத்தார். 1910இல் எமில் கிரெப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரை இட்டார்.

ஆக, இந்நோயின் முதல் ஏடே ஒரு வீட்டுப் பூசலில் தொடங்குகிறது! நம் வீடுகளிலும் அவ்வாறே. “என் வளையலை மருமகள் எடுத்து ஒளித்து விட்டாள்”, “எனக்குச் சோறு போடுவதில்லை” என்று மூதாட்டி அழுவார். எட்டு மணிக்கு உண்டதை எட்டரை மணிக்கு மூளை பதிந்து வைக்கவில்லை; அவர் பொய்யுரைக்கவில்லை. ஆனால் அதனைத் தொலைபேசியில் கேட்கும் மகள் என்ன நினைப்பாள்?

இதனினும் நுட்பமான ஒன்று உண்டு. மொழி வழக்கமும் விருந்தோம்பும் பண்பும் இளமையிலேயே ஊறியவை. அவை எளிதில் அழியா. விழாவுக்கு வந்த மகனை “வாப்பா, மெலிந்து போனாயே, பிள்ளைகள் படிக்கிறார்களா?” என்று தாய் முறையாக வினவுவார். முற்பகல் முழுவதும் பழங்கதை பேசுவார். மகன் மகிழ்ந்து ஊர் திரும்புவான். அன்றிரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டி, “என்னை ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள்?” என்று கூவுவதை உடனிருப்போர் மட்டுமே அறிவர். ஒருவர் “அம்மா நன்றாகத்தான் இருக்கிறார்” என்கிறார். மற்றவர் “நீங்கள் இருந்து பாருங்கள்” என்கிறார். இருவரும் தாம் கண்ணாற் கண்டதையே கூறுகின்றனர். வந்து போவோருக்கும் உடனிருப்போருக்கும் ஒரே தாயை இருவேறு ஆளாகக் காட்டும் நோய் இது.

இனி, பல்லாண்டு நடந்த தெருவில் வழி தவறுவது எவ்வாறு? நம் மூளைக்குள் ஒரு நிலப்படம் இருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். இலண்டனில் ஆய்வு செய்த ஜான் ஓகீஃப், எலி ஓரிடத்தில் நிற்கும்போது மட்டும் துடிக்கும் நரம்பணுக்களை ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதியில் கண்டு 1971இல் வெளியிட்டார். நார்வே நாட்டு மோசர் இணையர், அதனையடுத்த பகுதியில் கட்டம் கட்டமாக இடத்தை அளக்கும் அணுக்களை 2005இல் கண்டனர். மூவர்க்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அல்சைமர் நோய் முதன்முதல் அரிக்கும் பகுதிகளும் இவையே. நிலப்படம் முதலில் கிழிந்துவிடுகிறது. கால்களின் வலிமையோ அப்படியே இருக்கிறது. இதனால் வரும் இடர் பெரிது.

அவர்கள் நோக்கமின்றித் திரிகிறார்கள் என்பது தவறு. பெரும்பாலும் ஒரு நோக்கம் இருக்கும். அண்மை நினைவுகள் முதலில் மறையப் பழைய நினைவுகள் மேலெழுகின்றன. மாலை மயங்கும் வேளையில் “வீட்டுக்குப் போக வேண்டும்” என்னும் தவிப்பு மிகும். எந்த வீடு? ஆடவர் பலர் பிறந்த வீட்டிலேயே மூப்படைகின்றனர். நம் பெண்டிர்க்கோ பிறந்த வீடு வேறு, புகுந்த வீடு வேறு, மகன் வீடு வேறு. மூன்றாவது வீட்டில் அமர்ந்து முதல் வீட்டைத் தேடுபவரைத் தேட வேண்டுமானால், அம்முதல் வீட்டை நாம் அறிந்திருக்க வேண்டும்.

என் அத்தை, அதாவது தந்தையாரின் தமக்கை, சில ஆண்டுகளுக்கு முன் காணாமற் போனார். உறையூரில் இளைய மகன் வீட்டில் இருந்தார். மூத்த மகன் சென்னையில், கடைசி மகள் சேலத்தில். ஒரு சித்திரை மாதத்து விடியலில் ஐந்தரை மணிக்கு மருமகள் எழுந்து பார்த்தபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. தெருவைத் தேடினர், கோயிலைத் தேடினர். ஏழு மணிக்கு அண்ணனுக்கும் தங்கைக்கும் தொலைபேசியில் சொன்னார்கள். அதன்பின் தேடல் நின்று வழக்குத் தொடங்கிற்று. நான் ஒன்பது மணிக்குச் சென்றபோது மூவரும் தொலைபேசியில் வாதிட்டுக் கொண்டிருந்தனர். “போன வாரம்கூட என்னிடம் ஒரு மணி நேரம் தெளிவாகப் பேசினார்களே! சின்ன அண்ணி என்ன சொல்லி விரட்டினார்களோ?” என்று மகள் அழுதாள். “கதவுக்கு ஒரு பூட்டுப் போடத் தெரியாதா?” என்றார் மூத்தவர். காவல் நிலையத்திற்குப் போகலாம் என்றேன். “படம் பேப்பரில் வந்தால் குடும்ப மானம் என்னாவது? ஒருநாள் பொறுத்துத்தான் புகாரும் எடுப்பார்கள்” என்று சென்னையிலிருந்து விடை வந்தது. மருமகள் ஒன்றும் பேசவில்லை. அத்தையின் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாயிலில் நின்றார்.

பிற்பகல் ஒரு மணிக்குத்தான் புகார் தரப்பட்டது. மாலையில் அத்தை கிடைத்தார். எங்கே? காவிரியிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் பிரியும் பெட்டவாய்த்தலைப் பக்கம், ஒரு படித்துறையில். அவர் பிறந்த ஊர் அதனருகேதான். 2021 மே முதல் நம் மாநிலத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிச் செல்லலாம். நல்ல திட்டம்; ஆயினும் முன்பெல்லாம் கையில் காசில்லாத மூதாட்டியை நடத்துநர் அடுத்த நிறுத்தத்திலேயே விசாரித்திருப்பார். இப்போது ஊர்ப் பெயர் சொன்னாற் போதும். ஊர்ப் பெயரை அத்தை மறக்கவில்லை.

தேநீர்க் கடை நடத்தும் ஓர் அம்மாள் அவரை நிழலில் அமர்த்தி, “வீடு எங்கே ஆயா?” என்று கேட்டிருக்கிறார். “ரைஸ் மில்லுக்கு எதிர் வீடு” என்பது விடை. அந்த மில் இருந்த சுவடே இன்று இல்லை. கணவர் பெயரைக் கேட்டதற்கு அத்தை தலை குனிந்து கொண்டார்; அது நோயன்று, அவர் காலத்துப் பெண்டிர் வழக்கம். தந்தை பெயரைக் கேட்டதும் பளிச்செனச் சொன்னார். இறந்து ஐம்பது ஆண்டான அப்பெயரை ஊர்ப் பெரியவர் ஒருவர் அறிந்திருந்தார். நம்மை வருத்துவது என்னவெனில், முற்பகல் பதினொரு மணிக்கே அந்த அம்மாள் காவலரிடம் தெரிவித்துவிட்டார். ஆனால் அவ்வேளையில் அத்தையைக் காணவில்லை என்று எந்த ஏட்டிலும் பதிவில்லை. வெயிலில் நீர்வற்றித் துவண்டிருந்த அவர் மூன்று நாள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

யார் பொறுப்பு என்னும் வினாவை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றமே ஆராய்ந்ததுண்டு. ஜப்பானின் ஒபு நகரில், 2007இல் மறதி நோயுற்ற 91 வயது முதியவர் ஒருவர், மனைவி சிறிது கண்ணயர்ந்த வேளையில் வெளியேறி இரயிலில் அடிபட்டு இறந்தார். இரயில்கள் தாமதமானதற்கு இழப்பீடு கோரி இரயில்வே நிறுவனம் குடும்பத்தின்மீது வழக்குத் தொடுத்தது. 2013இல் மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் 72 இலட்சம் யென் தர வேண்டும் என்றது. 2014இல் மேல்நீதிமன்றம் மகனை விடுவித்து மனைவிக்குப் பாதித் தொகை விதித்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இருவருமே பொறுப்பல்லர் எனத் தீர்த்தது. நீதிபதிகளுக்கே மூன்று தீர்ப்பு வேண்டியிருந்த வினாவைத்தான் நாம் தாயைத் தேட வேண்டிய காலைப்பொழுதில் தீர்க்க முனைகிறோம்! அந்நாட்டில் 2023இல் மட்டும் இவ்வாறு காணாமற் போனதாகப் பதிவானோர் 19,039 பேர். அங்குள்ள ஒமுத்தா நகரில் 2004 முதல் ஒத்திகை நடத்தி வந்தனர். ஒருவர் வழி தவறிய முதியவராக நடிப்பார். தெருவினர் அவரை அணுகி அன்புடன் பேசிப் பழகுவர். நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இதனை ஒரு முகாமில் செய்து பார்க்கலாம்.

இங்கிலாந்துக் காவல் துறையினர் ஒரு படிவம் வைத்துள்ளனர். நார்மண்டிப் போரில் பங்கேற்ற ஜார்ஜ் ஹெர்பர்ட் என்னும் முதியவர், தம் இளமைக்கால வீட்டைத் தேடிச் சென்று இறந்தார். அவர் பெயரால் அமைந்தது அப்படிவம். பழைய முகவரிகள், பணியாற்றிய இடங்கள், விரும்பிச் செல்லும் இடங்கள், அண்மைப் படம் ஆகியவற்றைக் குடும்பத்தார் முன்கூட்டியே எழுதி வைத்து, தேவைப்படும் கணத்தில் காவலரிடம் தருவர். இதற்கு நமக்கு வேண்டியது ஒரு வெள்ளைத்தாள் மட்டுமே. பிறந்த ஊர், அங்குள்ள பழைய அடையாளங்கள், தந்தை பெயர், உடன்பிறந்தார் பெயர் ஆகியவற்றை நம் பாட்டியிடமே கேட்டு எழுதலாம். அவர் மகிழ்ந்து சொல்வார். தொலைபேசி எண்ணை வளையலில் பொறிக்கலாம். கழற்றி எறிபவராயின் உள்பாவாடையில் தைக்கலாம். தாழ்ப்பாளைக் கண்ணுக்கெட்டாத உயரத்தில் வைக்கலாம். வெளியே பூட்டிவிட்டு அவரைத் தனியே விட்டுச் செல்வது கொடிது. தீப்பற்றினால் என் செய்வார்?

காணாமற் போனால் முதலில் தேட வேண்டியது அண்மையிலேதான். கிணறு, குட்டை, புதர், கட்டி முடியாத வீடு ஆகியவற்றை உள்ளே சென்று பார்க்க வேண்டும். ஏனெனில் பெயரைச் சொல்லி அழைத்தாலும் பலர் விடை தருவதில்லை. அதே வேளையில் ஒருவர் காவல் நிலையம் செல்ல வேண்டும்; 112 என்னும் எண்ணிலும் அழைக்கலாம். ஒருநாள் காத்திருந்துதான் புகார் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. முதியோர்க்கான 14567 என்னும் உதவி எண்ணும் உள்ளது.

அத்தையைக் காண மூத்த மகன் வந்து பன்னிரண்டு நாள் தங்கினார். மூன்றாம் இரவுக்குப் பின் அவர் தம்பியின் மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. இப்போது ஆண்டுக்கு நான்கு மாதம் அத்தை சென்னையில் இருப்பதென ஏற்பாடு. இடமாற்றம் நோயை மிகுவிக்கும் என்று மருத்துவர் சொல்வதால் அதிலும் கருத்து வேற்றுமை நீங்கியபாடில்லை. மகள் இன்னும் சின்ன அண்ணியுடன் சரிவரப் பேசுவதில்லை.

உறையூரில் இருக்கும் நாட்களில், மாலை ஆறு மணியானால் அத்தை பையை எடுத்துக்கொண்டு வாயிலுக்கு வந்துவிடுகிறார். “இதுதானே அத்தை நம் வீடு” என்று முன்பெல்லாம் மருமகள் விளக்கிச் சொல்வார். அதனால் சினமே மிகுந்தது. இப்போது வாதிடுவதில்லை. “வாங்க அத்தை, போவோம்” என்று செருப்பை மாட்டிவிட்டுத் தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை அழைத்துச் செல்கிறார். அங்கே சற்று அமர்கின்றனர். திரும்பி வந்து கதவைத் திறந்ததும், “அப்பாடா, வந்து சேர்ந்தோம்” என்று அத்தை உள்ளே போய்விடுகிறார்.