மர உந்துசுழலி

சேலம் ஃபேர்லேண்ட்ஸிலிருந்து கிழக்கே ஆத்தூர் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பினால் தம்மம்பட்டியை அடையலாம். வாகை, மா முதலிய மரங்களில் தெய்வ உருவங்களையும் வாகனங்களையும் செதுக்குவதில் அவ்வூர்ச் சிற்பிகள் பெயர் பெற்றவர்கள். அவர்கள் கையாளும் உளி, அரம் போன்ற கருவிகளைக்கொண்டே முற்றிலும் வேறானதொரு பொருளையும் செதுக்கலாம். மாதிரி வானூர்தியின் மூக்கில் சுழலும் மர உந்துசுழலியே அது. புரொப்பெல்லர் என வழங்குவதும் இதனையே. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்க்கு மாதிரி வானூர்தி அமைத்தல் பயிற்சிகளுள் ஒன்றாதலின், இதனைப் பள்ளியிலேயே கண்டவரும் உளர்.

உந்துசுழலியைக் காற்றைத் தள்ளும் விசிறி என்றே பலரும் கருதுவர். ரைட் உடன்பிறந்தாரோ, சுழன்றுகொண்டே முன்னேறும் சிறகு அது எனத் தெளிந்தனர். 1903 டிசம்பர் 17 அன்று பறந்த தம் வானூர்திக்காக ஸ்புரூஸ் மரப்பலகைகளை ஒட்டி, எட்டரை அடி நீளமுள்ள இரு சுழலிகளைத் தாமே செதுக்கினர். என்ஜின் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கை அவை பயனுள்ள உந்துதலாக மாற்றின. கைக்கருவிகளால் செய்த பொருளுக்கு இது வியக்கத்தக்க அளவே.

சுழலியின் இதழ் முறுக்கிக் காணப்படுவது ஏன்? ஒரு சுற்றில் நுனி நெடுந்தொலைவு செல்கிறது. நடுவை ஒட்டிய பகுதி சிறுதொலைவே செல்கிறது. ஆயினும் இரண்டும் ஒரே அளவு முன்னேறியாக வேண்டும். மரத்தில் இறங்கும் திருகாணியைப் போல, ஒரு சுற்றுக்கு முன்னேறும் இத்தொலைவே புரியிடைத் தூரம். விட்டம் 250 மில்லிமீட்டரும் புரியிடைத் தூரம் 150 மில்லிமீட்டரும் கொண்ட சுழலியில், நடுவிலிருந்து 25 மில்லிமீட்டரில் இதழின் சாய்வு ஏறத்தாழ 44 பாகை. இதழின் பாதியில் 21 பாகை. நுனியில் 11 பாகை.

ரேகை நீளவாக்கில் நேராக ஓடும், கணுவற்ற மரத்துண்டே இதற்கு ஏற்றது. செதுக்கத் தொடங்குமுன் நடுத்துளையை இடுதல் வேண்டும். எல்லா அளவுகளும் அத்துளையிலிருந்தே தொடங்குகின்றன. முதலில் பின்முகத்தைச் சாய்வாகச் சீவி, பின்னர் முன்முகத்தை வளைவாக்குவர். குறிப்பிட்ட இடங்களின் சாய்வுக்கேற்ப வெட்டிய அட்டைகளை வைத்து அடிக்கடி சரிபார்ப்பர். இறுதியில் உப்புத்தாளால் தேய்ப்பர்.

உண்மை வானூர்தியை அளவு குறைத்து அமைப்போர்க்கு வேறொரு சிக்கல் உண்டு. வானூர்தியைச் சிறிதாக்கலாம், காற்றைச் சிறிதாக்க இயலாது. எனவே மூலத்தின் தோற்றத்தை அப்படியே ஒத்த சுழலி, பறப்பதற்கு ஏற்றதாக அமைவதில்லை. காட்சிக்கு ஒன்றும் பறப்பதற்கு மற்றொன்றுமாகச் செய்துகொள்வோர் பலர்.

சிற்பத்தில் ஒரு பூவிதழ் சிதைந்தால் சிற்பி அதனை அரும்பாக மாற்றிக்கொள்ளலாம். இங்கு அவ்வுரிமை இல்லை. மேற்கூறிய சுழலி நிமிடத்திற்கு 10,000 முறை சுழலும்போது அதன் நுனி மணிக்கு ஏறத்தாழ 470 கிலோமீட்டர் வேகத்தில் விரைகிறது. ஓர் இதழின் பாதியில் ஒரு கிராம் எடை மிகுந்திருப்பினும், அது 7 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையுடன் அச்சினை இழுக்கும். வானூர்தி முழுதும் அதிரும். ஆகவே நடுத்துளையில் மெல்லிய கம்பியைக் கோத்துச் சுழலியைக் கிடையாக நிறுத்திப் பார்ப்பர். தாழும் இதழைச் சிறிது சிறிதாகத் தேய்ப்பர். எந்நிலையில் விட்டாலும் அசையாது நிற்கும்வரை இப்பணி தொடரும். என்ஜினை இயக்கும்போது சுழலி சுழலும் தளத்திற்கு நேரே எவரும் நிற்றல் கூடாது. மயிரிழை அளவு வெடிப்புக் கண்ட சுழலியை ஒட்டிச் சீர்செய்வதும் இல்லை. பிறர் அறியாது எடுத்துப் பொருத்திவிடாதபடி, அதனை இரண்டாக முறித்தே எறிந்துவிடுவர்.